பால் ஓடுற பக்கம்

ஒடிந்த ஸ்டட்டைக் கழற்றுவது என் தொழில். ஒடிக்காமல் கழற்றும் பொறுமை எல்லாருக்கும் இருந்திருந்தால் நான் வேறு பிழைப்புத் தேடியிருக்க வேண்டும்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் இந்தத் துன்பத்தை அறிந்தவர்கள்தாம். மோட்டார் சைக்கிளோ, தண்ணீர்ப் பம்போ, ஏதோ ஒன்றில் துருப்பிடித்த நட்டு. "கொஞ்சம் இழுத்துத்தான் பார்ப்போமே" என்று ஸ்பானரை இழுத்திருப்பீர்கள். கல் மாதிரி நின்றது சட்டென்று லேசாகும். கழன்றுவிட்டது என்று ஒரு கணம் மகிழ்வீர்கள். பிறகு பார்த்தால் பாதி கையில் இருக்கும், பாதி உள்ளே இருக்கும். அப்போது ஒரு மௌனம் வரும். அந்த மௌனத்தை ஒரு தடவையாவது கேட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்டட் என்றால் தலையில்லாத போல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டு இரும்புக் கம்பி. இரண்டு முனையிலும் மரை. ஒரு முனை இஞ்சினுக்குள் திருகியிருக்கும், மறு முனை வெளியே நீட்டிக்கொண்டு நட்டை வாங்கிக்கொள்ளும். எழுபதுகளின் கடைசியில் நான் சிரம்பானில் ஒரு பட்டறையில் பிட்டர். ரெம்பாவ், கோலா பிலா பக்கத்துத் தோட்டங்களில் எங்கே இஞ்சின் நின்றாலும் என்னைத்தான் வேனில் ஏற்றி அனுப்புவார்கள். அப்படிப் போன ஒரு தோட்டத்தில், ஒரே ஓர் இஞ்சினோடு நான் பட்ட பாடு இது.

கீழே தொங்கிய பைப்

கோலா பிலாவைத் தாண்டி உள்ளே போனால் ஒரு சின்ன ரப்பர் தோட்டம். அதன் பேக்டரியில் ஒரு பழைய இங்கிலீஷ் டீசல் இஞ்சின். அதன் சிலிண்டர் நிற்காது, படுத்திருக்கும். மூடியும் ஸ்டட்டுகளும் நம் முகத்தைப் பார்த்தபடி இருக்கும். உறைந்த ரப்பர் பாலைச் சீட்டாக அழுத்துகிற உருளைகளை அதுதான் சுற்றும். இஞ்சினைப் பார்த்துக்கொண்டவர் கோவிந்தசாமி அண்ணன். அதற்கு முன்னால் பல வருடம் மரம் வெட்டியவர், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். ரப்பர் மரத்தில் வெட்டு இடது பக்கம் உயரமாகத் தொடங்கி வலது பக்கம் தாழ இறங்கும். பால் அந்த வழியே ஓடும். இஞ்சின் வேலைக்கு வந்த பிறகும் அவருக்கு வலம் இடம் என்று வாயில் வராது. "பால் ஓடுற பக்கம் திருகினா இறுகும், பால் ஏறுற பக்கம் திருகினா கழலும்" என்பார். அந்தப் பேக்டரியில் எல்லாருக்கும் அதுதான் பாஷை.

மூடியில் தண்ணீர் கசிகிறது என்று அந்தச் சனிக்கிழமை அவரே அதைக் கழற்றத் துணிந்தார். நட்டு அசையவில்லை. ஸ்பானரின் வாலில் நீளமான பைப்பைச் செருகினார். மேலே இடமில்லாததால் பைப் நட்டுக்குக் கீழே தொங்கியது. ஸ்பானர் நழுவாமல் அவர் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மரம் வெட்டுகிற இரண்டு பேரைக் கூப்பிட்டு, "ஏறுற பக்கம் இழுங்கப்பா" என்றார். அவர்கள் ஒழுங்காக இடது பக்கம் இழுத்தார்கள். கடிகாரத்தை நினைத்துப் பாருங்கள்: முள் மேலே இருக்கும்போது இடது பக்கம் தள்ளினால் பின்னால் போகும்; கீழே இருக்கும்போது அதே இடது பக்கம் தள்ளினால் முன்னால் போகும். அவர்கள் கழற்றவில்லை, இறுக்கினார்கள். ஸ்டட், இஞ்சினின் முகத்தோடு முகமாக ஒடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போய் இறங்கியதும் இதைச் சொன்னவர் அவர் மனைவி தெய்வானை அக்கா. சீட்டு அழுத்துகிற உருளையில் வேலை செய்பவர். கணவர் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றார். அக்கா என்னிடம் சொன்னாலும் பார்வை அவர் மேல்தான் இருந்தது: "மரத்துல பால் மேல இருந்துதானே தம்பி ஓடுது? கீழ தொங்குற பைப்புல எந்தப் பால் ஓடுச்சுன்னு கேளுங்க இவர!"

ஆசிட்

இஞ்சின் அருகே குனிந்ததும் மூக்கு எரிந்தது. கண்ணில் நீர் வந்தது. தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அந்த நெடி தெரியும். பாலை உறைய வைக்கத் தொட்டியில் ஊற்றுகிற ஆசிட். ஒடிந்த துண்டின் மேல் அதை ஊற்றியிருந்தார்கள். அது வழிந்து மற்ற ஸ்டட்டுகளிலும் இறங்கி, முந்தின நாள் வரை நன்றாக இருந்த மரையெல்லாம் மஞ்சளும் பழுப்புமாகப் பூத்திருந்தது. நான் ஒன்றும் பேசாமல் வாளியில் சோடா உப்பைக் கரைத்துக் கழுவினேன். பிறகு தண்ணீர், பிறகு எண்ணெய். அந்த நேரத்தில் பேசினால் கெட்ட வார்த்தைதான் வரும்.

கழுவி முடிக்கும்போது பேக்டரிக் கிராணி வந்தார். பேக்டரிக் கணக்குக்கும் தொட்டிக்கும் பொறுப்பானவர்; தொப்பையும் குடையுமாக, நல்ல மனிதர். என்னைத் தனியாக அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னார். தோட்டத்தை நடத்துகிற துரைக்கு இந்தச் சின்னப் பேக்டரியை மூடிவிட்டு, பாலை டேங்கர் லாரியில் பெரிய பேக்டரிக்கு அனுப்ப வேண்டும் என்று வெகு நாளாக எண்ணம். நாளைக் காலையில் பால் வரும்போது இஞ்சின் ஓடினால் தொட்டியில் ஆசிட் ஊற்றலாம். ஊற்றிவிட்டால் பால் கட்டியாகிவிடும், டேங்கருக்கு ஆகாது. ஓடவில்லை என்றால் பால் டேங்கருக்குப் போகும். ஒரு தடவை டேங்கருக்குப் போய்விட்டால் பிறகு இந்த இஞ்சினை யாரும் கேட்கப் போவதில்லை. இஞ்சின் இல்லையென்றால் இஞ்சின்காரர் இல்லை. இஞ்சின்காரர் இல்லையென்றால் பேக்டரிக்குப் பின்னால் அவர் இருக்கிற வீடும் இல்லை.

அந்த வீட்டு வாசலில் தெய்வானை அக்காவின் மகள் நிறைமாதமாக நின்றுகொண்டிருந்தாள், பிரசவத்துக்கு வந்தவள். அக்கா கையில் ஓர் இரும்புக் கொக்கி. உத்தரத்தில் தொட்டில் கட்ட வாங்கியதாம். வீடு யாருக்கென்று தெரியாமல் மாட்ட மனமில்லாமல் இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார். எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. கோவிந்தசாமி அண்ணனிடம் மெதுவாக, ஆசிட்டை எதற்கு ஊற்றினீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னார்: "தண்ணியா இருக்கிற பாலையே கட்டியாக்குதே தம்பி, கட்டியா இருக்கிற துருவைத் தண்ணியாக்காதான்னு பார்த்தேன்."

சுருளும் தூளும்

மற்ற நட்டுகளைக் கழற்றி மூடியை எடுத்தாகிவிட்டது. இனி ஒடிந்த துண்டின் நட்டநடுவில் ஓட்டை போட வேண்டும். இஞ்சின் நின்றதால் பேக்டரியில் மின்சாரம் கிடையாது. நெஞ்சில் அழுத்திக் கையால் சுற்றுகிற டிரில்தான். இதில் உள்ள ஆபத்து என்னவென்றால், ஸ்டட் கடினமான இரும்பு. அதைச் சுற்றியுள்ள இஞ்சின் வார்ப்பிரும்பு, மிருதுவானது. டிரில் முனைக்குச் சோம்பல் அதிகம். மிருதுவான பக்கம் நழுவப் பார்க்கும். நழுவினால் இஞ்சினின் மரையைத் தின்றுவிடும். உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. வெளியே வருவதைத்தான் பார்க்க வேண்டும். ஸ்டட்டைக் குடைகிற வரைக்கும் சுருள் சுருளாக வெள்ளைச் சீவல் வரும். கறுப்புத் தூள் வந்தால் வார்ப்பிரும்பைத் தொட்டாயிற்று என்று அர்த்தம்.

நான் சுற்றினேன். கோவிந்தசாமி அண்ணன் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டார். சுருள் வந்தது. மறுபடியும் சுருள். கிராணி என் முதுகுக்குப் பின்னால் நின்று மூச்சு விடுவது கேட்டது. அக்கா உருளையின் மேல் உட்கார்ந்து கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரில் நன்றாக உள்ளே போன பிறகு, கை திடீரென்று லேசானது. வெளியே வந்தது சுருள் இல்லை; கறுப்புத் தூள். நான் சுற்றுவதை நிறுத்தினேன். கோவிந்தசாமி அண்ணன் எண்ணெய்க் குடுவையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பையிலிருந்து காந்தத்தை எடுத்து அந்தத் தூளிடம் கொண்டு போனேன். வார்ப்பிரும்பாக இருந்தால் பாய்ந்து ஒட்டும். கொஞ்சம் ஒட்டியது, மீதி அப்படியே கிடந்தது. எனக்குப் புரியவில்லை. அக்கா எழுந்து வந்து அதில் ஒரு சிட்டிகை எடுத்தார். விரலில் தேய்த்தார். அது நசுங்கி, நீண்டு, மறுபடியும் சுருங்கியது. மூக்கருகே கொண்டு போனார். "கிராணியாரே, பதறாதீங்க. இது இரும்பு இல்ல, நம்ம பாலு!"

ஊதுவிளக்கு

அது பால்தான். ஸ்டட்டின் அடிமுனையை டிரில் தாண்டிவிட்டது. அதற்கு அப்பால் காய்ந்த ரப்பர். அந்த ஓட்டை இஞ்சினின் தண்ணீர் அறைக்குள் திறக்கிறது. எனக்கு முன்னால் வந்த எவனோ ஒரு பிட்டர், மரை வழியே தண்ணீர் கசியாமல் இருக்க ஸ்டட்டைப் பச்சைப் பாலில் முக்கித் திருகியிருக்கிறான். கசிவு நின்றிருக்கும். ஆனால் அது உறைந்து, காய்ந்து, மரைக்கு மரை பசை மாதிரி பிடித்துக்கொண்டிருந்தது. நட்டு இறுகி ஸ்டட் ஒடிந்தபோதும் அடித்துண்டு மயிரிழை அசையாததற்கு அதுதான் காரணம். இதைப் பாலில் முக்கியவன் எவன் என்று நான் வாய்விட்டே திட்டினேன். வார்ப்பிரும்பில் பெரிய சூடு ஆகாது, விரிசல் விடும். மண்ணெண்ணெய் ஊதுவிளக்கைத் தூரத்தில் பிடித்து, சுற்றிச் சுற்றி, பொறுமையாகச் சூடேற்றினேன். ஓட்டையிலிருந்து மெல்லிய புகை வந்தது. ரப்பர் சீட்டுகளைப் புகை போட்டுக் காய வைக்கிற புகைக்கூடத்து நாற்றம் பேக்டரி முழுக்கப் பரவியது.

கிராணி மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனவர், வாசலிலிருந்தே கேட்டார்: "பிட்டர், நீங்க இஞ்சின் ரிப்பேர் பண்றீங்களா, சீட்டுக்குப் புகை போடுறீங்களா?"

சூடம் காட்டுற பக்கம்

அடுத்த கருவியின் பெயர் ஈசி அவுட். சுலபமாக வெளியே வரும் என்று அர்த்தம். பெயர் வைத்தவர் அதை ஒரு நாளும் பயன்படுத்தியிருக்க மாட்டார். சின்ன கூம்பு, அதன் மேல் இடம்புரியாக வரிகள். ஓட்டைக்குள் விட்டுக் கழற்றுகிற பக்கம் சுற்றினால், அது கடித்துக்கொண்டு ஒடிந்த துண்டையும் சேர்த்துச் சுற்றும். ஆனால் அது கண்ணாடி மாதிரி கடினம். ஒரு பக்கம் கூடுதலாக இழுத்தால் 'டிக்' என்று ஒடியும். ஒடிந்தால் ஸ்டட்டுக்குள் அது. அதைக் குடைய எந்த டிரில்லாலும் ஆகாது. இஞ்சினைப் பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும்.

அதைச் சுற்ற இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ள நீளக் கட்டை வேண்டும். இரண்டு கைப்பிடியும் ஒரே மாதிரி, ஒரே நேரத்தில் நகர வேண்டும். ஒருவனே பிடித்தால் உடம்பு ஒரு பக்கம் சாயும். கோவிந்தசாமி அண்ணன் மேல் கைப்பிடியைப் பிடித்தார். நான் கீழ்க் கைப்பிடிக்கு உட்கார்ந்தேன். "எந்தப் பக்கம் தம்பி?" என்றார். அவருக்கு அது பால் ஏறுற பக்கம். எனக்குப் பால் ஓடுற பக்கம். நான் ஒன்றைச் சொல்லி, அவர் ஒன்றைச் செய்தால் முடிந்தது கதை. "பக்கமே சொல்ல வேண்டாம். ஆயுத பூசைக்கு இந்த இஞ்சினுக்கு யாரு சூடம் காட்டுறது?" என்று அக்கா கேட்டார். "நான்தான்" என்றார் அண்ணன். "தட்டை எப்படிச் சுத்துவீங்க? அது இறுக்குறது. அதுக்கு எதிர்ச் சுத்து கழட்டுறது. தட்டு மேல இருந்தா என்ன, கீழ இருந்தா என்ன, சுத்து ஒண்ணுதானே?" எனக்கு அக்காவைக் கும்பிடலாம் போல இருந்தது. ஆனால் அண்ணன் கையை எடுத்துவிட்டார். இஞ்சின் முன்னால் நின்றுகொண்டு எதிர்ச் சுற்றுச் சுற்ற மாட்டாராம்; சாமி குற்றமாம். அக்கா ஒரு முறை முறைத்தார். அவர் கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துவிட்டு மறுபடியும் கைப்பிடியைப் பிடித்தார்.

இருவரும் சேர்ந்து, மெல்ல, எதிர்ச் சுற்று. ஒன்றும் அசையவில்லை. இன்னும் கொஞ்சம். கைப்பிடி வில் போல வளைந்தது. 'டிக்.' ஒடிந்தது கருவியா, விட்டது ரப்பரா? சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. நான் அண்ணனைப் பார்த்து, மறுபடியும் என்று தலையை மட்டும் அசைத்தேன். கைப்பிடி நகர்ந்தது, கூடவே ஸ்டட்டும் நகர்ந்தது. சுற்றச் சுற்ற வெளியே வந்த அந்தத் துண்டு, பின்னால் மெல்லிய ரப்பர் இழையை இழுத்துக்கொண்டே வந்தது. கோவிந்தசாமி அண்ணன் இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டு இஞ்சினைப் பார்த்துச் சொன்னார்: "மன்னிச்சிரு சாமி, ஆயுத பூசையில ரெண்டு சுத்து கூட்டிக் காட்டிடறேன்."

போலே

ஒரு தொல்லை போனதும் அடுத்த தொல்லை வரிசையில் நின்றது. அதற்கு அடுத்த ஸ்டட் கையால் திருகினாலே கழன்று வந்தது. கூடவே இஞ்சினின் மரையும் தூள் தூளாக உதிர்ந்து வந்தது. அது இங்கிலீஷ் ஸ்டட்டே இல்லை. ஜப்பான் லாரியில் வருகிற மில்லிமீட்டர் ஸ்டட்; மரையின் அளவே வேறு. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். முதல் சுற்று இணக்கமாகப் போகும். அப்புறம் இறுகும். அங்கே நிறுத்தியிருந்தால் இஞ்சினுக்கு ஒன்றுமில்லை. பைப் போட்டு இழுத்துவிட்டால் ஸ்டட் உள்ளே போகும், மரை வெளியே வரும். மரை கழன்ற ஆள் என்று நாம் கேலியாகச் சொல்வது எவ்வளவு பெரிய வசவு என்று என்னைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்.

என் தகர டப்பாவில் அந்த அளவுக்கு ஒரே ஒரு சுருள் இருந்தது. பேனா ஸ்பிரிங் மாதிரி இருக்கும். ஓட்டையைச் சற்றுப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, அதற்குள் இந்தச் சுருளைத் திருகினால், சுருளின் உள்பக்கம் பழைய அளவுக்கே மரை கிடைக்கும். கோணலாகப் போனால் பிடுங்கத்தான் முடியும், திரும்பப் போட முடியாது. சுருள் பாதி உள்ளே போயிருந்தபோது வாசலில் ஜீப் நின்றது. துரை இறங்கினார். அரைக்கால் சட்டை, நீளக் காலுறை. உதிர்ந்த மரையைக் காலணி முனையால் ஒதுக்கிவிட்டு, என்னைப் பார்த்து மலாயில் ஒரே ஒரு வார்த்தை கேட்டார்: "போலே?" முடியுமா என்று அர்த்தம். சுருளில் இருந்த கையை எடுக்கவும் முடியாது, யோசிக்கவும் நேரமில்லை. "போலே துவான்", முடியும் ஐயா, என்றேன். அவர் கிராணியிடம், டேங்கர் நாளைக் காலையில் எப்படியும் வரும், இஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜீப் சத்தம் மறைந்தது. சுருள் நேராக உட்கார்ந்தது. அதன் வாலைத் தட்டி ஒடித்து எடுத்தேன். அப்போதுதான் கிராணி குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, என் காதருகே குனிந்து கேட்டார்: "போலேன்னு வாயால சொல்லிட்டீங்க, சரி. இந்த இஞ்சின் இங்கிலீஷ் இஞ்சின் லா, அதுக்கு மலாய் புரியுமா?"

முதல் ஆசிட்

முதல் ஓட்டையில் இருந்த பழைய ரப்பரையெல்லாம் சுத்தமாகச் சுரண்டி எடுத்து, பட்டறையிலிருந்து கொண்டு போன சிவப்புப் பசையைத் தடவிப் புது ஸ்டட்டைத் திருகினேன். அந்தப் பசை நல்ல பசை. இருட்டுவதற்குள் மூடியும் ஏறிவிட்டது. மறுநாள் காலையில் பால் வாளிகள் வரத் தொடங்கின. கிராணி எடை போட்டுத் தொட்டியில் ஊற்றச் சொன்னார். ஆசிட் குடுவை அவர் பக்கத்தில் மூடியோடு நின்றது. வாசலில் டேங்கர். அதன் பக்கத்தில் துரையின் ஜீப். கோவிந்தசாமி அண்ணன் சக்கரத்தைச் சுழற்றினார். இஞ்சின் இருமியது, இன்னொரு தடவை இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. உருளைகள் சுற்றின. பெண்கள் கை தட்டினார்கள். கிராணி குடுவையின் மூடியைத் திறந்தார். அந்த நேரத்தில் புது ஸ்டட்டின் அடியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தரையில் விழுந்தது. பிறகு இன்னொன்று. துரை அதைப் பார்த்தார். கிராணியைப் பார்த்தார். கிராணி மூடியைத் திரும்பவும் போட்டார்.

இஞ்சினை நிறுத்தச் சொன்னேன். தொட்டியில் பால் காத்திருக்கிறது; வெகு நேரம் விட்டால் தானாகவே திரிந்து எதற்கும் ஆகாமல் போகும். டேங்கர் டிரைவர் குழாயைச் சுருள் பிரித்துக்கொண்டிருந்தார். அக்கா இடுப்பில் இருந்த கொக்கியை இறுக்கிப் பிடித்திருந்தார். நான் தொட்டியைப் பார்த்தேன். எனக்கு முன்னால் வந்த அந்த எவனோ ஒருவன் என் தோளைத் தட்டிச் சிரிப்பது போல இருந்தது. தண்ணீரை வடித்துவிட்டு, இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடி உண்டாக்கி, ஸ்டட்டைக் கழற்றினேன். சிவப்புப் பசையைத் துடைத்தேன். தொட்டியிலிருந்து ஒரு கரண்டி பச்சைப் பாலை மொண்டு ஸ்டட்டை அதில் முக்கினேன். கோவிந்தசாமி அண்ணன் கேட்காமலே கிராணியின் கையிலிருந்து குடுவையை வாங்கி, நீரில் கலந்து, அதன் மேல் ஒரு சொட்டு விட்டார். கண்ணெதிரே பால் மரையோடு மரையாகப் பிடித்தது. "எந்தப் பக்கம்?" என்று இந்தத் தடவை நான்தான் கேட்டேன். "சூடம் காட்டுற பக்கம்" என்றார்.

தண்ணீர் நிரப்பி மறுபடியும் ஓட்டினோம். இஞ்சின் சூடாகும் வரை எல்லாரும் அந்த ஒரு ஸ்டட்டையே பார்த்தோம். சொட்டு வரவில்லை. துரை குனிந்து விரலால் தடவி, விரலைப் பார்த்து, காய்ந்திருப்பதைக் கட்டைவிரலில் தேய்த்து உறுதி செய்துகொண்டார். கிராணியைப் பார்த்துத் தலையை அசைத்தார். தொட்டியில் ஆசிட் விழுந்தது. டேங்கர் வெறும் வயிற்றோடு திரும்பிப் போகும்போது கிராணி குடுவையைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்: "சனிக்கிழமை ஊத்தின ஆசிட்டுக்கு ஏசலாம்னு இருந்தேன் கோவிந்தசாமி. இன்னிக்கு ஊத்தினதுல அது கழிஞ்சு போச்சு, போ லா."

ஒரு ஓட்டை பாக்கி

கருவிகளைத் துடைத்து வேனில் அடுக்கிக்கொண்டிருந்தேன். பேக்டரிக்குள் முதல் பால் கட்டியாகத் தொடங்கியிருந்தது. கோவிந்தசாமி அண்ணன் இஞ்சின் பக்கத்திலேயே ஒரு கட்டையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஸ்பானரை எட்டாத இடத்தில் வைத்துவிட்டுத்தான். இந்த இஞ்சின் இன்னும் எத்தனை காலம் ஓடும் என்று எனக்குத் தெரியாது. துரை தன் எண்ணத்தை விட்டுவிட்டாரா என்றும் தெரியாது. அன்றைக்கு ஆசிட் விழுந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

டிரில்லை எண்ணெய்த் துணியில் சுற்றப் போனபோது தெய்வானை அக்கா வந்து அதன் மேல் கையை வைத்தார். இடுப்பில் இருந்த கொக்கி இப்போது அவர் கையில் இருந்தது. பின்பக்கத்து வீட்டைக் காட்டிச் சொன்னார்: "அதைச் சுத்தாதீங்க தம்பி, அப்படியே வீட்டுக்குக் கொண்டு வாங்க. உத்தரத்துல தொட்டில் கொக்கிக்கு ஒரு ஓட்டை போடணும். நடுவுல பார்த்துப் போடுங்க, சுருள்தான் வரணும், தூள் வரப்படாது!"

எங்கேயோ ஒரு பிட்டர் அந்த ஸ்டட்டோடு மல்லுக்கட்டி, இதைப் பாலில் முக்கியவன் எவன் என்று கேட்டுக்கொண்டிருந்தால் அவருக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: நமக்கு முன்னால் வந்தவனைத் திட்டிக்கொண்டே, பின்னால் வருகிறவன் நம்மைத் திட்டுவதற்கு ஒரு ஸ்டட்டை உள்ளே வைத்துவிட்டுப் போவதுதான் ஐயா நம் தொழில்.